இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்

இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல் என்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இடையே ஏற்படும் புரிதல் குறைபாடு ஒரு தரப்பின் குறையால் மட்டும் வருவதல்ல, இரு தரப்பாலும் வருவது என்று கூறும் கோட்பாடாகும். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் எளிதில் விளங்காதது போலவே மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் எளிதில் விளங்குவதில்லை என்பது இதன் சாரம். ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இக்கோட்பாட்டுக்கு இப்பெயரை அளித்தார். ஆங்கிலத்தில் இது 'டபுள் எம்பதி பிராப்ளம்' எனப்படுகிறது.

உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. எனவே இது வகுப்பறை, குடும்பம், பணியிடம், மருத்துவமனை என அன்றாட வாழ்வின் எல்லா இடங்களையும் தொடும் சிக்கலாகும்.

ஒத்துணர்வு என்னும் சொல்

பிறருடைய நிலையில் தன்னை வைத்து உணர்வது ஒத்துணர்வு. உளவியலாளர்கள் இதை இரண்டாகப் பிரிப்பர். பிறர் என்ன நினைக்கிறார், எதை விரும்புகிறார் என்று ஊகித்து அறிவது அறிதல் சார்ந்த ஒத்துணர்வு. பிறர் துன்பத்தைக் கண்டு தானும் கலங்குவது உணர்ச்சி சார்ந்த ஒத்துணர்வு.

ஒன்றில் தடுமாறுபவர் மற்றொன்றிலும் தடுமாறுவார் என்று கொள்ள முடியாது. அம்மா ஏன் அழுகிறாள் என்று ஒரு சிறுவனுக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் அவள் அழுவதைப் பார்த்து அவன் மிகவும் கலங்கிப்போகலாம். அந்தக் கலக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு வேறு அறைக்கு ஓடினால், பார்ப்பவர்கள் 'இவனுக்குப் பாசமே இல்லை' என்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிய தவறான முடிவுகளில் பல இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

தன் உணர்ச்சிகளை அடையாளம் கண்டு பெயர் சொல்ல இயலாத நிலை ஒன்று தனியே உண்டு. அது 'அலெக்சிதைமியா' எனப்படும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்நிலை காணப்படுகிறது. மற்றப் பாதிப்பேரிடம் அது இல்லை. ஆட்டிசம் இல்லாத சிலரிடமும் அது உண்டு. ஆட்டிசத்தின் மேல் ஏற்றப்படும் உணர்ச்சிக் குறைகளில் ஒரு பகுதி உண்மையில் இதனால் வருவது என்று ஜெஃப்ரி பேர்ட், ரிச்சர்ட் குக் ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் வாதிட்டனர்.

முந்தைய பார்வை

அமெரிக்காவில் லியோ கன்னர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே ஆட்டிசம் ஒரு தனி நிலையாக அறியப்பட்டது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதை ஒத்த நிலை ஒன்றை விவரித்தார். பின்னர் பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற தவறான கருத்து மருத்துவர்களிடமும் நிலவியது. அக்கருத்து இன்று முற்றாகக் கைவிடப்பட்டுவிட்டது.

1985இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃபிரித் ஆகியோர் நடத்திய சோதனை புதிய விளக்கம் ஒன்றைத் தந்தது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறது. திரும்பி வரும் சாலி கோலிக்குண்டை எங்கே தேடும்? கூடையில் என்பதே சரியான விடை. சோதிக்கப்பட்ட ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினர். பிறருக்குத் தனி மனம் உண்டு, அதில் தனி நம்பிக்கை உண்டு என்ற அறிவு அவர்களிடம் குறைவு என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். இதற்கு 'மனக் கோட்பாடு' என்று பெயர்.

இச்சோதனை ஆய்வுலகில் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆயினும் அதில் 4 குழந்தைகள் சரியாகவே விடை சொன்னார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளும் மொழித்திறனும் விடையைப் பாதிக்கக்கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனக் கோட்பாடே இல்லை என்ற பொதுக் கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று கெர்ன்ஸ்பேக்கர், யெர்கோ ஆகியோர் 2019இல் விரிவாக மறுத்து எழுதினர்.

கோட்பாட்டின் தோற்றம்

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசவும் எழுதவும் தொடங்கியபோது இந்த ஒருவழிப் பார்வை கேள்விக்குள்ளானது. அமெரிக்கரான ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோர்களை நோக்கி எழுதிய கட்டுரை இவ்வகையில் முன்னோடியானது. வேறு தாய்மொழி பேசும் ஒருவரோடு பழக எவ்வளவு முயற்சி வேண்டுமோ அவ்வளவு முயற்சி இங்கும் வேண்டும் என்ற கருத்தை அது முன்வைத்தது.

மில்டன் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். உரையாடல் என்பது இருவர் சேர்ந்து செய்வது. அது முறிந்தால் முறிவும் இருவருக்கு நடுவில் நிகழ்வதே. உலகை வெவ்வேறு விதமாக உணரும் இருவர் சந்திக்கும்போது இருவருக்குமே மற்றவரைப் புரிந்துகொள்வது கடினம். ஆனால் ஆட்டிசம் இல்லாதவர் பெரும்பான்மையினர். தன்னைப் போன்றவர்களோடு பழகியே வாழ்நாளைக் கழிக்க அவரால் முடியும் என்பதால், தன் பக்கத்தில் உள்ள குறை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டிசம் உள்ளவருக்கு அந்த வசதி கிடையாது. பிறந்த நாள் முதல் அவர் மற்றவர்களின் உலகத்தில்தான் வாழ வேண்டியிருக்கிறது.

எமரால்டு: ஓர் ஒப்புமை

நீலகிரி மாவட்டத்தின் குந்தா பகுதியை ஒட்டிய எமரால்டின் மொழிச்சூழல் இக்கருத்தை விளக்கப் பொருத்தமானது. குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த எமரால்டு அணையும், தேயிலைத் தோட்டங்களும், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு விளையும் சரிவுகளும் கொண்ட பகுதி இது. சுற்றிலும் உள்ள அட்டிகளில் படுகர் வாழ்கின்றனர். சமவெளியிலிருந்து வந்த தமிழரும் நீலகிரியில் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் பலரும் இம்மாவட்டத்தில் குடியேறினர்.

படுகு மொழியும் தமிழும் திராவிட மொழிகளே என்றாலும் ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்று தானாக விளங்கிவிடாது. படுகு தெரியாத தமிழரும் தமிழ் தெரியாத படுகரும் பேருந்தில் அருகருகே அமர்ந்து பேச முயன்று முடியாமல் போனால், இருவரில் ஒருவருக்குப் பேச்சுக் குறைபாடு உள்ளது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருவருக்கும் பொது மொழி இல்லை என்றே சொல்வார்கள்.

நடைமுறையில் அப்படி நடப்பது அரிது. ஏனெனில் படுகர் பெரும்பாலும் தமிழ் அறிந்தவர்கள். பள்ளி, சந்தை, அலுவலகம் எல்லாம் தமிழில் நடப்பதால் அவர்கள் கற்றே ஆக வேண்டியிருந்தது. படுகு கற்றுக்கொண்ட தமிழர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. எண்ணிக்கையில் சிறிய தரப்புதான் இரு மொழிகளையும் சுமக்கிறது. பெரிய தரப்போ, தான் எதையும் கற்கவில்லை என்பதைக்கூட உணராமல் இருக்க முடிகிறது.

ஆட்டிசத்திலும் சுமை இப்படியே பகிரப்படுகிறது. கண்ணைப் பார்ப்பது போல் நெற்றியைப் பார்ப்பது, சிரிப்பு வராத இடத்தில் மற்றவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பது, கைகளை அசைக்க வேண்டும் என்ற உந்துதலை அடக்கி வைப்பது, சொல்லப்போகும் வாக்கியத்தை முன்பே மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது என ஆட்டிசம் உள்ள பலர் நாள் முழுவதும் உழைக்கிறார்கள். இது 'மறைப்பு' எனப்படுகிறது. நீண்டகாலம் இப்படி மறைத்து வாழ்வதற்கும் பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. இரண்டாம் மொழியை முயன்றால் கற்றுவிடலாம். ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைப் பயிற்சியால் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

ஆய்வுச் சான்றுகள்

கோட்பாடு வெளிவந்தபின் அதைச் சோதிக்கும் ஆய்வுகள் பல நடந்தன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

• முகக்குறிப்பு: எலிசபெத் ஷெப்பர்டும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவை கேட்பது, பாராட்டப்படுவது, காத்திருக்க வைக்கப்படுவது போன்ற நிகழ்வுகளின்போது பலருடைய முகங்கள் படமாக்கப்பட்டன. எந்த முகம் எந்த நிகழ்வுக்கு உரியது என்று ஆட்டிசம் இல்லாதவர்களிடம் கேட்கப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களின் முகங்களைப் பார்த்தபோது அவர்கள் கூடுதலாகத் தவறினர். அந்த முகங்களில் உணர்ச்சி குறைவாக இருந்தது அதற்குக் காரணமல்ல.

• முதல் பார்வை: நோவா சாசனும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பார்த்தவர்கள் அவர்களோடு பழகக் குறைந்த விருப்பமே காட்டினர். ஒலி மட்டும் கேட்டவர்களும் அவ்வாறே கருதினர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது விலக வைத்தது பேச்சின் பொருளன்று, பேசிய விதம். எதிரில் இருப்பவருக்கு ஆட்டிசம் உண்டு என்று தெரிவிக்கப்பட்டபோது மதிப்பீடு உயர்ந்தது என்று 2019இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

• குடும்பம்: ஹீஸ்மன், கில்லெஸ்பி ஆகியோர் 2018இல் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் இணை இணையாக ஆராய்ந்தனர். தவறான ஊகங்கள் இரு பக்கமும் இருந்தன. ஆட்டிசம் உள்ளவர் தன்னையே மையமாக வைத்து எண்ணுபவர் என்று குடும்பத்தினர் மிகையாகக் கருதும் போக்கும் தெரிந்தது.

• கதை கடத்தல்: எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 72 பேர், எட்டு எட்டுப் பேர் கொண்ட 9 வரிசைகளாகப் பிரிக்கப்பட்டனர். முதலாமவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அது கடைசி ஆள் வரை போனது. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசைகளும் எவருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசைகளும் கதையைச் சமமாகவே காத்தன. இரு தரப்பினரும் கலந்த வரிசைகளில் கதை விரைவாகச் சிதைந்தது.

திறனாய்வு

இக்கோட்பாடு முடிந்த முடிவாக ஏற்கப்பட்ட ஒன்றல்ல. கிராம்ப்டனும் குழுவினரும் 300க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தி 2025இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கதையைக் கடத்துவதில் கலப்பு வரிசைகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. முந்தைய சிறிய ஆய்வின் முடிவை அப்படியே பொதுமைப்படுத்த முடியாது என்பதை இது காட்டுகிறது. அதே வேளையில், ஆட்டிசம் உள்ளவர்களால் செய்தியைச் சரியாகக் கொண்டுசேர்க்க முடியும் என்பது இந்த ஆய்விலும் உறுதியானது.

'இரட்டை ஒத்துணர்வு' என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்றும், ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு பொருளை அதே பெயரில் அளக்கிறது என்றும் லூசி லிவிங்ஸ்டன் உள்ளிட்டோர் எச்சரித்துள்ளனர். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் சரளமாகப் பேசக்கூடிய வயதுவந்தோர் என்பது மற்றொரு குறை. பேசாத, அன்றாடத் தேவைகளுக்கும் துணை வேண்டிய ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இம்முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயப்பட வேண்டியது. ஆட்டிசம் உள்ள இருவர் எப்போதும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள் என்றும் இதற்குப் பொருளில்லை.

தமிழ்ப் பேச்சுவழக்கில் எழும் சிக்கல்கள்

ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் நடந்தவை. எதிர்பார்க்கப்படும் பழக்கங்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் புரிதல் முறியும் இடங்களும் மாறுகின்றன. தமிழ்ச் சூழலில் சில இடங்களை எளிதாக அடையாளம் காணலாம்.

விடைபெறும்போது 'போறேன்' என்பது அமங்கலம் என்று 'போயிட்டு வரேன்' என்கிறோம். சொல்லின் நேர்ப்பொருளை எடுத்துக்கொள்ளும் குழந்தை அவர் திரும்பி வருவார் என்று வாசலில் காத்திருக்கலாம். வராதபோது அழலாம். அது அடம் என்று எண்ணப்படுகிறது. உண்மையில் சொன்னது ஒன்று, கருதியது வேறொன்று.

விருந்தினர் முதல்முறை 'காபி வேண்டாம், பரவாயில்லை' என்பார். இரண்டாம் முறையும் கேட்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஆட்டிசம் உள்ள இளைஞர் 'சரி' என்று உள்ளே போய்விட்டால் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுகிறார். அவர் விருந்தினரின் சொல்லை அப்படியே மதித்தவர் என்பது கவனிக்கப்படுவதில்லை. முன்பின் அறியாதவரைக் காட்டி 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு' என்றால் 'இவர் என் மாமா இல்லை' என்று ஒரு சிறுமி சொல்வதும் இத்தகையதே.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றிய எதிர்பார்ப்பு இன்னும் சிக்கலானது. பெரியவர்களின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் தலை தாழ்த்துவதைப் பணிவு என்று கருதும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. அதே பெரியவர் கண்டிக்கும்போது 'என்னைப் பார்த்துப் பதில் சொல்லு' என்பார். எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது என்பதை மற்றப் பிள்ளைகள் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டும்.

மலைப்பகுதிகளில் இவற்றோடு உடல் உணர்வு சார்ந்த காரணங்களும் சேர்கின்றன. குளிருக்காக அணிவிக்கும் கம்பளி ஸ்வெட்டர் சில குழந்தைகளின் தோலுக்கு முள் குத்துவது போலிருக்கும். தகரக் கூரையில் விழும் மழையின் ஓசை தாங்க முடியாததாக இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லைன் வீடுகளில் அமைதியான மூலை கிடைப்பது கடினம். மழைக்காலத்தில் மண் சரிந்து பேருந்து வழி மாறினால், நாள்தோறும் ஒரே வழியில் சென்று பழகிய பிள்ளை நிலைகுலைந்துபோகலாம். காரணம் தெரியாதவர்களுக்கு இவையெல்லாம் பிடிவாதமாகவே தோன்றும்.

தமிழ்ப் பெயர்கள்

ஆட்டிசத்திற்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்ற சொல் வழங்குகிறது. அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிடும் வழக்கமும் உண்டு. இப்பெயர் பழைய ஒருவழிப் பார்வையைத் தன்னுள் கொண்டுள்ளது. ஒலி, ஒளி, தொடுதல் என்று புற உலகு மிகையாக வந்து மோதுவதே பலருடைய துன்பமாக இருக்க, அவர்களுக்குப் புற உலகைப் பற்றிய சிந்தனையே இல்லை என்று அது சொல்கிறது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசு வழக்கில் 'மாற்றுத்திறனாளிகள்' என மாறியதைப் போல இதுவும் மாறக்கூடியதே. தற்போது 'ஆட்டிசம் உள்ளவர்' என்ற எளிய தொடர் பரவலாகி வருகிறது.

2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' திரைப்படமும், யெஸ். பாலபாரதி எழுதிய 'துலக்கம்' நாவலும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களை மையமாகக் கொண்ட தமிழ்ப் படைப்புகளில் குறிப்பிடத்தக்கவை.

சட்ட நிலை

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. மெர்ரி பருவா 1991இல் தில்லியில் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' போன்ற பெற்றோர் அமைப்புகள் ஆட்டிசத்திற்குத் தனி ஏற்பு வேண்டிக் குரல் கொடுத்தன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பள்ளிகள் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவர்களின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. சுற்றியிருப்பவர்களும் மாற வேண்டும் என்ற வகையில் இது இரட்டை ஒத்துணர்வுக் கருத்தோடு பொருந்துகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியவை

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியும் அன்றாடத் திறன்களில் பயிற்சியும் தேவைப்படலாம். இக்கோட்பாடு அவற்றை மறுக்கவில்லை. பயிற்சி ஒரு பக்கத்துக்கு மட்டும் போதாது என்றே கூறுகிறது. மறுபக்கத்தில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை:

• சுற்றி வளைக்காமல் கருதியதையே சொல்வது. 'இங்கே எவ்வளவு சத்தம்!' என்பதைவிட 'கதவைச் சாத்து' என்பது தெளிவானது.
• கேள்வி கேட்டபின் பதிலுக்குப் பொறுத்திருப்பது. அமைதியைப் பதிலின்மையாகக் கொள்ளாதிருப்பது.
• கண்ணைப் பார்த்தால்தான் கவனிக்கிறார் என்ற எண்ணத்தைக் கைவிடுவது.
• நடைமுறையில் மாற்றம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்வது. பேசாதவர்களுக்குப் படம் காட்டி விளக்குவது.
• ஒரு செயலை அடம் என்று முடிவு செய்யுமுன் ஒலி, வெளிச்சம், உடை, பசி, வலி ஆகியவற்றில் காரணம் தேடுவது.
• பேசாதவருக்குப் புரியாது என்று எண்ணி அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதிருப்பது.
• வகுப்பில் மற்ற மாணவர்களுக்கும் ஆட்டிசத்தைப் பற்றி எளிய சொற்களில் விளக்குவது. குறிப்பிட்ட மாணவரைப் பற்றிச் சொல்வதானால் அவருடைய, பெற்றோருடைய இசைவைப் பெறுவது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'எனக்கு இரைச்சல் தாங்காது, வெளியே போய்ப் பேசலாமா?', 'நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்களா, உண்மையாகவா?' என்று கேட்கப் பழகியவர்களுக்கு உறவுகள் எளிதாகின்றன. ஆனால் அப்படிக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காத சூழல் முதலில் இருக்க வேண்டும். கேட்டதற்காக ஒருமுறை கேலிக்குள்ளானவர் அடுத்த முறை கேட்பதை விட்டுவிட்டு, புரிந்தது போல் தலையாட்டிவிடுவார். அதன்பின் அவருக்கு என்ன புரியவில்லை என்பதை வீட்டாராலும் ஆசிரியராலும் அறிய முடியாமல் போகும்.